மாசம் 20 ரூபாய்க்கு ஒரு கிரெச் எப்படி ஓடும்?

எங்க அபார்ட்மென்ட்ல வீட்டு வேலைக்கு வர்ற அக்கா போன மாசம் ரெண்டு நாள் வரலை. மூணாவது நாள் இடுப்புல ஒன்றரை வயசுப் பையனோட வந்தாங்க. "மூத்தவளுக்குப் பரீட்சை தம்பி, இவனை யார்கிட்ட விடுறது?"ன்னாங்க. மூத்தவள் ஏழாவது படிக்கிறாள். அப்போ பரீட்சை இல்லாத நாள்ல? அதை நான் கேட்கலை. பதில் தெரிஞ்ச கேள்வி.

"பால்வாடில விடலாமே அக்கா"ன்னு மட்டும் சொன்னேன். அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். வழக்கம்போல லேட்.

அங்கன்வாடிகளை நடத்தும் ஐசிடிஎஸ் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. 3 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வி, சாப்பாடு எல்லாம் உண்டு. அதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு வீட்டுக்குக் கொண்டுபோற சத்துமாவு, எடை பார்க்கிறது, தடுப்பூசி. வேலைக்குப் போற அம்மா முழு நாளும் கைக்குழந்தையை விட்டுட்டுப் போகணும்னு யோசிச்சு உருவாக்கின இடம் இல்லை அது.

அந்த வேலைக்குன்னு வேற ஒண்ணு இருந்தது: தேசிய கிரெச் திட்டம். 6 மாதம் முதல் 6 வயது வரை, ஒரு மையத்துக்கு 25 குழந்தைகள், தினம் ஏழரை மணி நேரம், மாசம் 26 நாள். கட்டணம், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவங்களுக்கு மாசம் 20 ரூபாய். பெற்றோர் வருமானம் 12,000 வரைன்னா 100, அதுக்கு மேலன்னா 200.

கால்குலேட்டர் எடுத்தேன். 25 குழந்தைகளும் ஏழை வீடுன்னா மாச வசூல் 500 ரூபாய். பணியாளருக்கு மதிப்பூதியம் 3,000, உதவியாளருக்கு 1,500. வாடகை, சாப்பாடு எல்லாம் இன்னும் வரவே இல்லை. அதாவது கட்டணத்தை வெச்சு கிரெச் ஓடாது, அரசுப் பணம் வந்தாதான் ஓடும்.

என்னை நிறுத்தினது இன்னொரு கணக்கு. 3,000 ரூபாயை 195 மணி நேரத்தால் வகுத்தா, மணிக்கு 15 ரூபாய் சொச்சம். சென்னையில ஒரு டீ. 20 ரூபாய்ங்கிற அந்த அழகான நம்பருக்கு அரசு மட்டும் மானியம் கொடுக்கலை. அந்த ஊதியத்துக்கு 25 குழந்தைகளைப் பார்த்துக்கிட்டவரும் கொடுத்திருக்கார்.

2017 வரை மத்திய அரசு 90 சதவீதம், நடத்துற தொண்டு நிறுவனம் 10. அப்புறம் மத்திய அரசு 60, மாநிலம் 30, நிறுவனம் 10-ன்னு மாத்தினாங்க. மூணு சர்வரும் பதில் சொன்னாதான் பக்கம் லோட் ஆகும்கிற மாதிரி. ஒரு காலத்துல 20,000-க்கும் மேல இருந்த கிரெச்கள், 2020 வாக்குல ஏழாயிரத்துக்கும் கீழே. இது ஒண்ணுதான் காரணம்னு சொல்லமாட்டேன். ஆனா எந்தப் பங்கு லேட்டானாலும் அடி வாங்குறது கடைசியில இருக்கிற 10 சதவீதக்காரர்தான்.

2022-ல் இது 'மிஷன் சக்தி'க்குள் 'பால்னா'ன்னு மாறியது. அங்கன்வாடியோடு சேர்ந்த 17,000 கிரெச்கள் இலக்கு. அங்கன்வாடிக்குள்ளேயே கிரெச்ங்கிறது சரியான யோசனைன்னு நினைக்கிறேன். கட்டடமும் சமையலும் ஏற்கெனவே இருக்கு. ஆனா நாட்டுல சுமார் 14 லட்சம் அங்கன்வாடிகள். நூத்துக்கு ஒண்ணு சொச்சம்.

என்னை மாதிரி ஐடி ஆட்களுக்கு 2017 மகப்பேறு சட்டத் திருத்தம் வந்தது: 50 பேரோ அதுக்கு மேலோ வேலை பார்க்கிற நிறுவனத்துல கிரெச் கட்டாயம். அக்கா நாலு வீட்டுல வேலை பார்க்கிறாங்க. நாலு முதலாளி. நாங்க யாரும் 50 வரைக்கும் எண்ண வேண்டியதில்லை.

2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்துல ஒரு ஏற்பாடு இருந்தது. வேலை நடக்கிற இடத்துல 6 வயசுக்குக் கீழே 5 குழந்தைகள் இருந்தா, தொழிலாளர்கள்ல ஒரு பெண்ணைக் குழந்தை பார்க்க நியமிக்கணும், அவருக்கும் கூலி உண்டு. இதை அக்காகிட்ட சொன்னேன். "புள்ளை பார்க்கறதுக்குக் கூலியா?"ன்னு சிரிச்சாங்க. பையனைத் தூக்கிக்கிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க.

கிரெச்ல வேலை பார்த்தவங்க யாராவது இதைக் கேட்டுட்டிருந்தா எழுதுங்க. உங்க பக்கத்துக் கணக்கை அடுத்த எபிசோடுல போடலாம்.