வார்ப்பும் பக்குவமும்



எங்கள் பாட்டி ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பால்கோவா கிண்டும்போதெல்லாம் பாட்டி சொல்வார்கள்: "பாலும் சீனியும் எல்லாருக்கும் ஒன்றுதான், பக்குவம்தான் வேறு." இந்தப் பக்குவம் உலோகத்துக்கும் உண்டு என்று படித்தபோது வியந்தேன்.

சீனிப்பாகை மெதுவாக ஆறவிட்டால் கற்கண்டு விளைகிறது. நன்கு வற்றிய பாகைச் சட்டென்று குளிரவைத்தால் கண்ணாடி போன்ற மிட்டாயாகிறது. முன்னதில் மூலக்கூறுகளுக்கு வரிசையாக அமர நேரம் கிடைத்தது, பின்னதில் கிடைக்கவில்லை. உருகிய உலோகமும் அப்படியே. அணுக்கள் ஒரே அமைப்பில் மீண்டும் மீண்டும் அடுக்கப்பட்டிருந்தால் அதுவே படிகம்.

படிகத்துக்கு ஒரு சட்டம் உண்டு. இராஜபாளையத்தில் எங்கள் வீட்டுத் தரையில் சதுரக் கற்கள் இடைவெளியின்றிப் பொருந்தியுள்ளன. அறுகோணக் கற்களும் பொருந்தும். ஒழுங்கான ஐங்கோணமோ பொருந்தாது. அதன் ஒரு கோணம் 108 டிகிரி. மூன்று சேர்ந்தால் 324. மீதி 36 டிகிரி இடைவெளி! ஆகவே ஐந்து மடங்குச் சமச்சீர் படிகத்தில் இருக்கவே முடியாது என்று நூல்கள் கூறின.

1982 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவில் ஆய்வு செய்துகொண்டிருந்த இஸ்ரேல் நாட்டு அறிஞர் டான் ஷெக்ட்மன், அலுமினியம்-மாங்கனீசு கலவை ஒன்றை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். மையத்தைச் சுற்றிப் பத்துப் பத்தாகப் புள்ளிகள்! சட்டத்துக்கு அடங்காத ஒழுங்கு அது. அணுக்கள் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வரவில்லை. இதற்குக் குவாசிப் படிகம் என்று பெயர் வந்தது.

இதற்குக் காரணம் வார்ப்பு முறையே. வேகமாகச் சுழலும் செப்புச் சக்கரத்தின்மேல் உருகிய கலவையைப் பாய்ச்சினால், நொடிக்குச் சுமார் பத்து லட்சம் டிகிரி வேகத்தில் குளிர்ந்து மெல்லிய நாடாவாகிறது. அதே கலவையை மெதுவாக ஆறவிட்டால் சாதாரணப் படிகமே கிடைக்கும். அந்த நாடாவை மறுபடி நன்கு சூடேற்றினாலும் சாதாரணப் படிகமாகிவிடும்.

எல்லாக் கலவைக்கும் அவசரம் உதவாது. 1987-இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட அலுமினியம்-செம்பு-இரும்புக் குவாசிப் படிகம் நிலையானது. வார்த்தபின் உயர்ந்த வெப்பத்தில் நெடுநேரம் வைத்திருந்தால் அது இன்னும் செம்மையாகும்.

நம் நாடும் பின்தங்கவில்லை. 1985-இலேயே காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ராமச்சந்திரராவும் சாஸ்திரியும் மக்னீசியம்-துத்தநாகம்-அலுமினியக் கலவையில் குவாசிப் படிகம் கண்டனர். அதே ஆண்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சட்டோபாத்யாய், ரங்கநாதன் குழுவினர் பத்து மடங்குச் சமச்சீர் கொண்ட வகையைக் கண்டனர்.

ஷெக்ட்மனைப் பலர் ஏளனம் செய்தனர். இரு நோபல் பரிசுகள் பெற்ற லைனஸ் பாலிங்கும் ஏற்கவில்லை. ஷெக்ட்மனோ தாம் எண்ணிய பத்தை ஒன்பதாக்கவும் இல்லை, எட்டாக்கவும் இல்லை. 2011-இல் வேதியியல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

இதைப் படித்தபோது என் மனம் குத்தியது. சென்ற பருவத்தில் ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கிடைத்த அளவு புத்தக அளவோடு பொருந்தாததால், அழித்துத் திருத்தி எழுதி, முழு மதிப்பெண் பெற்றேன். என் அளவு தவறாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஏன் தவறியது என்று அறியும் வாய்ப்பையும் சேர்த்தல்லவா அழித்துவிட்டேன்!

தோழியரே, இனி கண்டதைக் கண்டபடியே எழுதுவோம். அறிவியலுக்கு அதுவே பக்குவம்.