ஓடுவோர்க்குச் சோறு பகையா?

உத்தியோக நிமித்தமாக டில்லி, மும்பை, பெங்களூர், கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறி வாழும் நம்மவரிடையே ஓட்டப் பயிற்சி அண்மைக் காலத்தில் பெரிதும் பரவியிருக்கிறது. மும்பையில் 2004-ஆம் ஆண்டிலும், டில்லியில் 2005-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்ற நெடுந்தொலைவு ஓட்டங்கள் இதற்குப் பெரிய தூண்டுகோலாயின. ஓடத் தொடங்குவோரில் பலருக்குப் பரிசின் மீது நாட்டமில்லை. நாற்காலியில் அமர்ந்து கோப்புகளைப் புரட்டியே பருத்துவிட்ட உடலை இளைக்கச் செய்ய வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம்.

இவர்கள் முதலில் கைவிடுவது சோற்றை. மாவுச்சத்தே உடலைப் பருக்கச் செய்கிறது என்று யாரோ கூறக் கேட்டு, இட்லியையும் சோற்றையும் ஒருசேர விலக்கிவிட்டு, அதே வாரத்தில் ஓடும் தொலைவையும் கூட்டுகிறார்கள். முதல் வாரத்தில் எடை மளமளவென்று குறைகிறது, உற்சாகம் பெருகுகிறது. மூன்றாம் வாரத்தில் கால்கள் கனக்கின்றன. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அலுவலகத்தில் சிறு சொல்லுக்கும் சினம் மூள்கிறது. பிறகு ஓட்டமும் நிற்கிறது, இழந்த எடையும் திரும்புகிறது. இந்நிலை ஏன் உண்டாகிறது, இதனைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

நாம் உண்ணும் அரிசி, கோதுமை, கிழங்கு, பழம் ஆகியவற்றிலுள்ள மாவுச்சத்தும் சர்க்கரையும் செரித்தபின் குளுக்கோஸாக இரத்தத்தில் கலக்கின்றன. உடனடித் தேவைக்குப் போக எஞ்சியதன் ஒரு பகுதியை உடல் கிளைக்கோஜன் என்னும் பொருளாக்கிச் சேமித்து வைக்கிறது. கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும், தசைகளில் 300 முதல் 500 கிராம் வரையிலும் இது தங்கும். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி சக்தியைத் தருவதால், இச்சேமிப்பு முழுவதும் சுமார் 2,000 கலோரிக்கே ஈடாகும். உடற்கொழுப்போ அளவில் மிகப் பெரிது. பத்துக் கிலோ கொழுப்பில் 70,000 கலோரிக்கு மேல் அடங்கியிருக்கிறது.

அங்ஙனமாயின் கொழுப்பையே எரித்து ஓடலாகாதா என்று கேட்கலாம். உத்தியோகஸ்தர்களுக்குப் பழக்கமான ஓர் உவமையால் இதனை விளக்கலாம். கொழுப்பு நமது வருங்கால வைப்பு நிதியைப் போன்றது. தொகை பெரிதெனினும் கைக்கு வரத் தாமதமாகும். கிளைக்கோஜன் சட்டைப்பையிலுள்ள ரொக்கம். சிறிதெனினும் உடனே செலவழிக்கலாம். மெல்ல நடக்கையில் உடல் பெரும்பாலும் கொழுப்பிலிருந்து சக்தியைப் பெறுகிறது. வேகம் கூடக்கூட மாவுச்சத்தின் பங்கு உயர்கிறது. ஆதலின் ரொக்கம் தீர்ந்தவன் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும்.

இவ்வுண்மை நீண்டகாலமாகவே அறியப்பட்டது. 1924-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் மராத்தானில் ஓடி முடித்தவர்களின் இரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தபோது, மிகவும் சோர்ந்து காணப்பட்டவர்களின் இரத்தத்தில் சர்க்கரை அளவு தாழ்ந்திருந்ததைக் கண்டனர். அடுத்த ஆண்டில் ஓட்டக்காரர்கள் சிலரை முன்கூட்டியே மாவுச்சத்து மிகுந்த உணவை உண்ணச் செய்து, ஓடும்போது மிட்டாயும் தின்னச் செய்தனர். சர்க்கரை அளவு தாழவில்லை. ஓடியவர்களின் நிலையும் முந்தைய ஆண்டைவிட நன்றாக இருந்தது. பின்னர் 1967-இல் சுவீடன் நாட்டு அறிஞர்கள், தசையிலிருந்து ஊசியால் சிறு துணுக்கை எடுத்துக் கிளைக்கோஜனை அளந்து ஆராய்ந்தனர். மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டபின் ஒருவர் நிலைச் சைக்கிளை மிதிக்க முடிந்த நேரம், அது குறைந்த உணவை உண்டபின் மிதிக்க முடிந்த நேரத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது.

இனி, முதல் வாரத்தில் எடை விரைந்து குறைவதன் காரணத்தைப் பார்ப்போம். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் நீருடன் சேர்ந்தே தங்குகிறது. மாவுச்சத்தை நிறுத்தியதும் கிளைக்கோஜன் தீர்கிறது. அதனுடனிருந்த நீரும் வெளியேறுகிறது. தராசு காட்டும் ஒன்றரை அல்லது இரண்டு கிலோ குறைவில் பெரும்பகுதி இந்நீரேயன்றிக் கொழுப்பன்று. மீண்டும் இரண்டு நாள் சோறு உண்டால் அது திரும்பிவிடும்.

மாவுச்சத்தை அறவே குறைத்துப் பழகினால் உடல் கொழுப்பை மிகுதியாக எரிக்கக் கற்றுக்கொள்ளும் என்பாரும் உளர். அதில் உண்மை இல்லாமலில்லை. லூயிஸ் பர்க் அம்மையார் தலைமையில் ஆஸ்திரேலியாவில் நடந்து 2017-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், தேர்ந்த நடைப்போட்டி வீரர்கள் மூன்று வாரம் அத்தகைய உணவை உண்டனர். அவர்கள் உடல் கொழுப்பை மிகுதியாகவே எரித்தது. ஆனால் அதே வேகத்தில் செல்வதற்கு முன்னிலும் அதிகப் பிராணவாயு தேவைப்பட்டது. மாவுச்சத்து உண்டவர்களின் போட்டித் திறன் பயிற்சியால் உயர, இவர்களுடையது உயரவில்லை.

திறன் குறைவதோடு தீங்கு நின்றுவிடுவதில்லை. உண்பது மிகக் குறைந்தும் உழைப்பது மிகுந்தும் நாட்கள் தொடர்ந்தால், உடல் தன் உள்வேலைகளைச் சுருக்கத் தொடங்குகிறது. எலும்பு வலுவிழந்து நுண்முறிவு காணும், பெண்களுக்கு மாதவிடாய் தவறும், ஆண்களுக்கும் சுரப்பு நீர்கள் குறையும், நோயெதிர்ப்புத் தளரும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் வெளியிட்ட அறிக்கையொன்று இக்குறைபாட்டை இருபாலார்க்கும் பொதுவானதெனக் கூறி எச்சரித்தது.

ஆகவே இளைப்பதற்கு ஏற்ற வழி, பற்றாக்குறையைச் சிறிதாக வைத்துக்கொள்வதே. நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி குறைவாக இருந்தால் போதும். வாரத்தில் ஏறத்தாழ அரைக் கிலோ வரை குறையும். ஓட்டத்தில் செலவாகும் சக்தியைக் கணக்கிடுவது எளிது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி. 70 கிலோ எடையுள்ளவர் 8 கிலோமீட்டர் ஓடினால் 560 கலோரி செலவாகிறது. ஓடிவிட்டோமே என்று வழியில் ஒரு தட்டுச் சோலே பட்டூரே உண்டால் அக்கணக்கு அநேகமாக நேராகிவிடும் என்பதையும் மறக்கலாகாது.

மாவுச்சத்தை எல்லா நாளும் ஒரே அளவாக உண்ணாமல், உழைப்புக்கேற்றபடி பங்கிட வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு, ஓய்வு நாளில் சுமார் 3 கிராமும், ஒரு மணி நேரம் ஓடும் நாளில் 4 முதல் 5 கிராமும், நெடுந்தொலைவு ஓடும் நாளில் 6 கிராம் அளவும் கொள்ளலாம். 70 கிலோ எடையுள்ளவர்க்கு ஓய்வு நாளில் 210 கிராம் வேண்டும். காலையில் மூன்று இட்லி, பகலில் ஒரு கிண்ணம் சோறு, இரவில் இரண்டு சப்பாத்தி, இவற்றுடன் பருப்பு, காய்கறி, தயிர், ஒரு பழம், இரண்டு வேளைக் காப்பி ஆகியவற்றில் இவ்வளவு ஏறத்தாழ அடங்கிவிடும். ஓடும் நாளில் புறப்படுமுன் ஒரு வாழைப்பழமும், திரும்பியபின் மேலும் மூன்று இட்லியும், பகலில் இன்னொரு கிண்ணம் சோறும் சேர்த்தால் 300 கிராம் ஆகும்.

வடநாட்டில் வாழும் நம்மவர் பலர், சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினாலே இளைத்துவிடலாம் என்று நம்புகின்றனர். நூறு கிராம் அரிசியும் நூறு கிராம் கோதுமை மாவும் தரும் சக்தி ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் 350 கலோரியை ஒட்டியவை. கோதுமையில் புரதமும் நார்ச்சத்தும் சற்றுக் கூடுதல் என்பது மெய். எனினும் ஆறு சப்பாத்தி உண்பவர் ஒரு கிண்ணம் சோறு உண்பவரைவிட இளைப்பார் என்பதற்கு நியாயமில்லை. நம்முடைய குறை வேறிடத்தில் இருக்கிறது. சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மும்முறை சோறு இட்டுக்கொள்ளும் வழக்கம், நாளெல்லாம் ஓடியாடி உழைத்தோர்க்குப் பொருந்தியது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், மொத்தச் சக்தியில் தானியங்களின் பங்கு 45 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது என்று கூறுகிறது. மூன்றாம் முறைச் சோற்றுக்குப் பதிலாகப் பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் இவற்றுள் ஏற்றதைச் சேர்த்துக்கொள்க. எடை குறைகையில் தசை கரையாதிருக்கக் கிலோவுக்கு 1.2 கிராமுக்குக் குறையாமல் புரதம் தேவை. காப்பியிலிடும் சர்க்கரை, இனிப்புகள், எண்ணெயில் பொரித்தவை ஆகியனவே முதலில் குறைக்கத் தக்கவை.

காலத்தையும் கவனித்தல் நன்று. ஒரு மணி நேரத்துக்குட்பட்ட மெதுவான ஓட்டத்தின் நடுவே எதுவும் உண்ண வேண்டுவதில்லை. ஒன்றரை மணிக்கு மேற்பட்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து வேண்டும். வாழைப்பழம், வெல்லம், பேரீச்சம்பழம் எதுவாயினும் ஆகும். ஓடி முடித்த வேளையின் உணவைத் தட்டிக் கழிக்கலாகாது. அப்போது உண்ணும் சோறு தசைகளின் சேமிப்பை நிரப்பச் செல்கிறது. இன்சுலினோ, நீரிழிவு மாத்திரையோ எடுத்துக்கொள்வோர் மருத்துவரைக் கலக்காமல் இவ்வளவுகளை மாற்றலாகாது; ஓடும்போது சர்க்கரை திடீரெனத் தாழ்வது அவர்களுக்கு ஆபத்தாகும்.

எடையை நாள்தோறும் பார்த்து மகிழ்வதும் வருந்துவதும் வேண்டா. வாரத்தில் ஒருநாள், ஒரே வேளையில், வெறும் வயிற்றில் பார்த்துக் குறித்து வருக. நான்கு வாரத்தில் ஒன்றரை அல்லது இரண்டு கிலோ குறைந்து, ஓட்டமும் தளராமலிருந்தால் அளவு சரியாக இருக்கிறதென்று கொள்ளலாம். எடை குறைந்து ஓட்டமும் தளர்ந்தால் ஓடும் நாட்களில் ஒரு கிண்ணம் சோற்றைக் கூட்டுக. ஓட்டம் தளராமல் எடையும் குறையாமலிருந்தால் ஓய்வு நாட்களில் ஒரு கிண்ணத்தைக் குறைக்க.