திசை சொல்லாத பயணக் கணக்கு

புதுடில்லி: போக்குவரத்துத் திட்டமிடுவோர் கையாளும் 2011ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் தொழிலாளர் 48 கோடி பேர். பணியிடம் எவ்வளவு தூரம், எதில் பயணம் என்ற கேள்விகளோ, விவசாயமும் வீட்டுத்தொழிலும் சாராத 20 கோடி பேருக்கு மட்டுமே. மாணவர், இல்லத்தரசியர் பயணங்கள் இதில் சேரவே இல்லை.

ஒருவருக்கு ஒரு வாகனம் என்றே பதிவு. அரை மணி நேரம் நடந்து பஸ் பிடிப்பவர், 'பஸ் பயணி' ஆகிவிடுகிறார், நடை மறைந்துவிடுகிறது. அப்படியிருந்தும், நடந்தும் சைக்கிளிலும் செல்வோர் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகின்றனர். காரில் செல்வோர் நூற்றுக்கு மூவர் கூட இல்லை. மேம்பாலங்கள் எழுவதோ பெரும்பாலும் அவர்களுக்காக!

எந்த ஊருக்குப் பணிக்குச் செல்கிறார் என்ற கேள்வியும் கிடையாது. நொய்டாவில் வசித்து டில்லியில் பணிபுரிபவரின் தூரம் தெரியும், திசை தெரியாது. இவ்விவரங்களும் 2015ல் தான் வெளியாயின. 2021ல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்போ, 2027க்குத் தள்ளிப்போனது.