குறைந்த புள்ளிக்கே பதக்கம்

ஹாங்சோ ஆசிய விளையாட்டின் பாய்மரப் படகுப் போட்டிகளில் இந்திய அணி ஒரு வெள்ளி, இரண்டு வெண்கலம் என மூன்று பதக்கங்கள் வென்றது. 2022-இல் நடக்க வேண்டிய அந்த விளையாட்டு, கொரோனா தொற்றால் தள்ளிப்போய் 2023-இல் நடந்தது; படகுகள் ஓடியது நிங்போ கடலில். மத்தியப் பிரதேசத்தின் நேஹா தாக்கூர் ஒருவரே ஓட்டும் ஐஎல்சிஏ 4 படகின் சிறுமியர் பிரிவில் வெள்ளி பெற்றார். பலகையில் நின்றபடி பாயைப் பிடித்து ஓட்டும் ஆர்எஸ்:எக்ஸ் பிரிவில் இபாத் அலிக்கும், ஆடவர் ஐஎல்சிஏ 7 பிரிவில் வேலூரில் பிறந்த ராணுவ வீரர் விஷ்ணு சரவணனுக்கும் வெண்கலம் கிடைத்தது.

இந்த விளையாட்டில் ஒரே ஓட்டத்தில் முடிவு தெரிவதில்லை. பல நாட்கள், பல ஓட்டங்கள். முதலிடத்துக்கு 1 புள்ளி, ஐந்தாமிடத்துக்கு 5 புள்ளி. கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவரே வெற்றியாளர். மிக மோசமான ஓட்டத்தின் புள்ளி கழிக்கப்படும். நேஹா 11 ஓட்டங்களில் எடுத்தது 32. அதில் 5 கழிந்து 27 ஆனது. அதாவது, அவருடைய மிக மோசமான ஓட்டத்திலும்கூட ஐந்தாவதாக வந்திருந்தார். விஷ்ணுவுக்கு 34, தென்கொரியாவின் ஹா ஜி-மினுக்கு 33. ஒரு புள்ளியில் வெள்ளி கைநழுவியது. தங்கம் வென்ற சிங்கப்பூரின் ரயன் லோவுக்கு 26.

காற்றுக்கு நேரெதிராக எந்தப் பாய்மரப் படகும் ஓடாது. இடமும் வலமுமாக மாறி மாறிக் குறுக்கே ஓட்டித்தான் முன்னேற வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் உள்ளிட்ட பாக் நீரிணைக் கரைகளில் இயந்திரம் வருமுன் பாய் விரித்துத் தொழில் செய்தவர்களுக்கும் இதே கணக்குதான். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைத் திசைவாரியாகப் பிரித்தறிவது கடல் தொழிலின் பாலபாடம்.

ஐஎல்சிஏ 7 படகின் நீளம் சுமார் 4.2 மீட்டர், ஓட்டுபவர் ஒருவரே. 7 சதுர மீட்டர் பாயில் காற்று அறையும்போது படகு ஒருபக்கம் சாயும். அதைச் சமன்செய்ய, படகுக்குள் உள்ள பட்டையில் பாதங்களை மாட்டி, உடலை மல்லாத்திக் கடலுக்கு மேல் நீட்டிக்கொண்டே சுக்கானையும் பாய்க்கயிற்றையும் கையாள வேண்டும்.

ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு இது புதிய களமல்ல. 1982-இல் ஃபரூக் தாராபூர், சரீர் கராஞ்சியா இணை தங்கம் வென்றது. 2018-இல் ஜகார்த்தா போட்டியில் சென்னையின் வர்ஷா கௌதம், ஸ்வேதா ஷெர்வேகருடன் வெள்ளி பெற்றார், கே.சி. கணபதி, வருண் தக்கர் இணை வெண்கலம் வென்றது.

ஒலிம்பிக்கில் போட்டி இன்னும் கடினம். ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் சென்னையின் நேத்ரா குமணன். டோக்கியோவில் அவர் 35-ஆவது, விஷ்ணு 20-ஆவது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் மார்செய் கடலில் நடந்தன. அங்கே நேத்ரா 21-ஆவது இடத்துக்கும் விஷ்ணு 18-ஆவது இடத்துக்கும் முன்னேறினர். அவர்கள் இருவரின் தனித்தனிப் பிரிவுகளிலும் களமிறங்கியவர்கள் தலா 43 பேர்.