ஆண் மரத்தை முறிக்காதீங்க

குலசேகரம், பேச்சிப்பாறை, திற்பரப்பு பக்கம் வீட்டு விளைகளில், தென்னைக்கும் கமுகுக்கும் நடுவே நாலு மூடு ஜாதிக்காய் நிற்பது சாதாரணக் காட்சி. நிழலும் ஈரமும் இரண்டு பருவமழையும் கிடைக்கிற இடத்துக்கு ஏற்ற மரம். தோவாளை, ஆரல்வாய்மொழிக்காரர்கள் கோபிக்க வேண்டாம், அங்கே அடிக்கிற காத்துக்கு இது தாங்காது.

பனையைப் போல இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. காய்ப்பது பெண் மட்டும். விதை போட்டு முளைக்க வைத்தால் ஏறக்குறையப் பாதி ஆணாகத்தான் வரும். பூக்க ஆறேழு வருசம் ஆகும். அதுவரை எது ஆண், எது பெண் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இலையைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று வருகிறவரை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

பக்கத்து விளைக்காரர் போன மாசம் வந்தார். “சாரே, ஒம்பது வருசமாச்சு. கொத்துக் கொத்தா பூக்குது, ஒத்தக் காய் கெடையாது. முறிச்சுப் போட்டுட்டு ஒரு றம்புட்டான் வைக்கலாமுன்னு பாக்கேன்.” அவர் விளையில் மொத்தம் ஐந்து மூடு. மற்ற நாலும் நன்றாகக் காய்க்கின்றன.

“அண்ணே, பொறுங்க. அந்த நாலும் காய்க்கிறதே இவனாலதான்” என்றேன்.

“அதான் தேனீப் பெட்டி ரெண்டு வச்சிருக்கேனே?”

மார்த்தாண்டம் தேன் நாட்டில் இப்படித்தான் கேட்பார்கள். ஆனால் தேனீ மகரந்தத்தைச் சுமக்குமே தவிர உண்டாக்காது. போதாக்குறைக்கு, ஜாதிப்பூ அந்தி சாய்ந்த பிறகு விரிகிற பூ. தேனீ கூடடைந்த பிறகு அங்கே வேலை செய்வது வேறு ஆள். தென்னிந்தியாவில் நடந்து 1986-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, எறும்பு போலவே தோன்றும் ஒரு சின்ன வண்டுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது என்று கண்டது. இந்தக் குடும்பத்து வண்டுகள் பெரும்பாலும் சருகுக்குள் வாழ்பவை. மூட்டடியில் கிடக்கும் சருகைக் கூட்டித் தீ வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். பூக்கும் சமயம் பூச்சிமருந்து அடித்தால் கேட்கவே வேண்டாம்.

கொடைக்கானல் பேரி மரத்துக்கும் துணை வேண்டும். அங்கே ஒரே பூவில் ஆணும் பெண்ணும் இருந்தாலும், பெரும்பாலான ரகங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அதே சமயம் பூக்கிற வேறு ரகம் அருகில் நிற்க வேண்டும். ஜாதிக்காய்க்கு வேறு ரகம் நின்றால் மட்டும் போதாது, ஆணே நிற்க வேண்டும்.

அடையாளம் காண்பது லேசு. ஆண் பூ கொத்தாக வரும், ஒல்லியாக இருக்கும். பெண் பூ ஒன்றிரண்டாக வரும், அடி சற்றுப் பருத்திருக்கும். பிளேடால் நெடுக்காகக் கீறிப் பாருங்கள். நடுவில் மகரந்தத் தண்டு மட்டும் நின்றால் ஆண். உருண்டையாகச் சூல் இருந்தால் பெண்.

பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் என்பது பொதுவான கணக்கு. விளையின் நடுவில் நின்றால் நல்லது. நான் வங்கியில் இருந்த காலத்தில் தோட்டக்கடன் மதிப்பீட்டுத் தாளில் மரத்தின் எண்ணிக்கைக்குக் கட்டம் உண்டு, வயதுக்குக் கட்டம் உண்டு. ஆணா பெண்ணா என்று கேட்கக் கட்டம் கிடையாது. இந்தக் கொட்டைக்காகவே டச்சுக்காரன் 1621-ல் பாண்டா தீவுகளை ரத்தத்தில் முக்கிப் பிடித்தான். (1741-ல் நம்ம குளச்சலில் தோற்றது மிளகுச் சண்டையில்.)

இப்போது புதிதாக நடுகிறவர்கள் ஒட்டுக்கன்று வாங்குகிறார்கள். நல்லதுதான், சீக்கிரம் காய்க்கும். ஆனால் நர்சரியில் கொடுப்பது பெரும்பாலும் பெண் மரத்து ஒட்டு. அக்கம்பக்கத்தில் பழைய ஆண் மரம் இல்லையென்றால் பத்துக் கன்றும் வளர்ந்து, பூத்து, உதிர்ந்துகொண்டே இருக்கும். அதனால் வாங்கும்போதே ஓர் ஆண் ஒட்டும் கேட்டு வாங்குங்கள். ஐந்து சென்ட் வளவுக்காரருக்கு முழு ஆண் மரம் கட்டுப்படியாகாது; பெண் மரத்திலேயே ஒரு கிளையில் ஆண் ஒட்டு வைத்துக்கொள்ளலாம்.

ஆண் அதிகமாகிப்போனால் எல்லாவற்றையும் வேரோடு எடுக்க வேண்டியதில்லை. தேவைக்கு விட்டுவிட்டு, மிச்சத்தைத் தலை வெட்டி, வெடிக்கிற புதுத் தளிரில் நன்றாகக் காய்க்கும் பெண் மரத்தின் ஒட்டை ஏற்றலாம். பழைய வேர் இருப்பதால் வேகமாக எழும்பும். ஒட்டுக் கட்டத் தெரிந்த ஆளை வைத்து, காற்றில் ஈரம் இருக்கும் மழை மாதங்களில் செய்யுங்கள்.

வெட்டுமுன் இன்னொன்று. உங்கள் வேலிக்கு அப்பால் யார் விளையில் ஜாதி நிற்கிறது, அதில் ஆண் எத்தனை என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். அவருக்கு இருப்பது எல்லாம் பெண்ணாக இருந்தால், உங்கள் மரத்தை நம்பித்தான் அவரும் காய் பறிக்கிறார்.