இரவல் கட்டடத்தில் முதலிடம்: மருந்து ஆராய்ச்சி ஆசிரியர்கள் சுமக்கும் இரட்டைப் பணி

புது தில்லி: மத்திய கல்வி அமைச்சகம் 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியிட்ட உயர்கல்வி நிறுவனங்களின் தரவரிசைப் பட்டியலில், மருந்தியல் பிரிவில் முதலிடம் பிடித்தது ஹைதராபாதில் உள்ள தேசிய மருந்தியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். சுருக்கமாக "நைப்பர்". 2007-இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் இயங்கி வந்த இடம், பாலாநகரில் உள்ள ஐ.டி.பி.எல். வளாகம். நலிவுற்றுப் போய், மூடிவிடலாம் என்று மத்திய அமைச்சரவை 2016 டிசம்பரில் முடிவெடுத்த பொதுத்துறை மருந்து நிறுவனம்தான் அந்த ஐ.டி.பி.எல்.

ஆக, மருந்தியலில் நாட்டிலேயே சிறந்தது என்று மத்திய அரசே அறிவித்தபோது, அந்த நிறுவனத்துக்குச் சொந்த வளாகம் கிடையாது. அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டதே அதே ஆண்டின் பிற்பகுதியில்தான்.

இதைச் சாதனை என்று பாராட்டுவதா, பதினாறு ஆண்டுகால அலட்சியம் என்று சாடுவதா என்பது பார்ப்பவர் பார்வையைப் பொருத்தது. ஆனால், பாராட்டு யாருக்குச் சேர வேண்டும் என்பதில் ஐயமில்லை. காலையில் விரிவுரையாளராகவும் பிற்பகலில் விஞ்ஞானியாகவும் இரவில் ஆய்வு நிதிக்கான விண்ணப்பம் எழுதும் எழுத்தராகவும் மாறி மாறிப் பணியாற்றும் ஆசிரியர்களுக்கே அது உரியது.

நைப்பர் என்பது சாதாரண மருந்தியல் கல்லூரி அல்ல. மருந்துக்கடை நடத்தவும், மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றவும், ஆலையில் தரம் பார்க்கவும் ஆள்களை உருவாக்க நாடெங்கும் கல்லூரிகள் உள்ளன. புதிய மருந்து மூலக்கூறுகளைக் கண்டறிபவர்களை உருவாக்குவதற்காகவே, பஞ்சாபின் மொஹாலியில் முதல் நைப்பர் அமைக்கப்பட்டது. 1991-இல் சங்கமாகப் பதிவு செய்யப்பட்ட அதற்கு, 1998-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, "தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம்" என்ற தகுதியை வழங்கியது. ஐ.ஐ.டி.க்களுக்கு உள்ள அதே தகுதி. முதுநிலைப் பட்டமும் முனைவர் பட்டமுமே இதன் அடிப்படைப் பணிகள். மருந்து வேதியியல், மருந்தாக்கவியல், நச்சியல், இயற்கை மருந்துப் பொருள்கள், உயிரித் தொழில்நுட்பம் எனத் துறைகள் விரிகின்றன.

இங்கே ஆசிரியரையும் விஞ்ஞானியையும் பிரிக்க இயலாது. புதிய மூலக்கூறு ஒன்றை உருவாக்குவது பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம். ஆய்வகத்திலோ பல மாத வேலை. ஒரு வினை நடக்கும். விளைபொருளைப் பிரித்தெடுத்துத் தூய்மையாக்க வேண்டும். அது எதிர்பார்த்த பொருள்தானா என்று கருவிகளில் உறுதி செய்ய வேண்டும். பின்னர் செல்களில் சோதனை. அதில் தேறினால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்று எலிகளில் சோதனை. ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளில் ஒன்றோ இரண்டோதான் மனிதரிடம் சோதிக்கும் கட்டத்தை எட்டும். தொடக்கம் முதல் கடை அலமாரி வரை 10 முதல் 15 ஆண்டுகள் பிடிக்கும். எந்தக் கட்டத்தில் எதைக் கைவிட வேண்டும் என்ற தெளிவு, தோற்றுத் தோற்று அறிந்த ஒருவரின் அருகில் நின்று பழகினால்தான் மாணவனுக்கு வாய்க்கும். கரும்பலகையில் அதை எழுதிக் காட்ட முடியாது.

மாற்றுவழி மேதைமை: இந்திய மருந்துத் துறை ஏன் இப்படிப்பட்ட ஆசிரியர்களைத் தேடுகிறது என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959-இல் அளித்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்ட 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம், மருந்துக்குப் பொருள் காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டுமே உண்டு என்றது. வெளிநாட்டு நிறுவனம் கண்டறிந்த மருந்தை வேறொரு வழியில் தயாரித்தால் குற்றமில்லை. இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக் கொண்டு, மலிவு விலையில் மருந்து தயாரிப்பதில் இந்திய வேதியியலாளர்கள் உலகையே வியக்க வைத்தனர். பிற்காலத்தில் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தை 1984-இல் தொடங்கிய அஞ்சி ரெட்டி, அதற்கு முன் பணியாற்றிய இடங்களில் ஒன்று ஐ.டி.பி.எல். ஹைதராபாதை மருந்து நகரமாக்கிய தலைமுறைக்கு அந்தப் பொதுத்துறை ஆலைதான் பயிற்சிப் பட்டறை. அதே வளாகத்திலேயே நைப்பர் ஒண்டுக் குடித்தனம் இருக்க நேர்ந்தது வரலாற்றின் விந்தை.

2005-இல் உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்கேற்பக் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, பொருள் காப்புரிமை மீண்டும் வந்தது. மாற்றுவழி மட்டும் தெரிந்தால் போதாது; புதிய மருந்தைக் கண்டறிய வேண்டும் என்ற கட்டாயம் உருவானது. அதற்கான ஆள்கள் எங்கே என்ற கேள்வி எழுந்த அந்தச் சூழலில்தான், மொஹாலி ஒன்று போதாது என்று மத்திய அரசு முடிவு செய்தது. அந்த முடிவு சரியானது. செயல்படுத்திய விதம்தான் கேள்விக்குரியது.

பலகை முதலில், ஆசிரியர் பிறகு: 2007, 2008 ஆகிய இரு ஆண்டுகளில் ஹைதராபாத், ஆமதாபாத், கொல்கத்தா, ஹாஜிபூர், குவாஹாட்டி, ராய்பரேலி என ஆறு நைப்பர்கள் தொடங்கப்பட்டன. நிலம் இல்லை, கட்டடம் இல்லை, நிரந்தர ஆசிரியர்களும் இல்லை. ஆனால் மாணவர் சேர்க்கை உடனே தொடங்கிவிட்டது. இந்த இடைவெளியை நிரப்ப "வழிகாட்டி நிறுவனம்" என்றொரு ஏற்பாடு கண்டுபிடிக்கப்பட்டது. ஹைதராபாதுக்கு இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனம், கொல்கத்தாவுக்கு இந்திய வேதி உயிரியல் நிறுவனம், ராய்பரேலிக்கு லக்னௌவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம், ஆமதாபாதுக்கு பி.வி.படேல் ஆராய்ச்சி மையம், ஹாஜிபூருக்கு பாட்னாவின் ராஜேந்திர நினைவு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், குவாஹாட்டிக்கு அங்குள்ள மருத்துவக் கல்லூரி என ஒதுக்கப்பட்டன.

அந்நிறுவனங்களின் விஞ்ஞானிகள் தங்கள் அன்றாட ஆய்வுக்கு இடையே வந்து வகுப்பு எடுத்தனர். மாணவர்கள் அவர்களின் ஆய்வகங்களுக்குச் சென்று, கருவி ஓய்வாக இருக்கும் நேரத்தில் பயின்றனர். தற்காலிகம் என்று சொல்லப்பட்ட ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. முழுநேர இயக்குநருக்குப் பதிலாகத் திட்ட இயக்குநர்களைக் கொண்டே சில நைப்பர்கள் நெடுங்காலம் ஓடின.

இந்த ஏற்பாட்டில் நன்மையே இல்லை என்று கூற முடியாது. லக்னௌவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம், "சஹேலி" என்ற கருத்தடை மாத்திரையை உருவாக்கி நாட்டுக்கு அளித்த இடம்; ஹார்மோன் கலவாத அந்த மாத்திரை 1991 முதல் புழக்கத்தில் உள்ளது. பாட்னா நிறுவனமோ கருங்காய்ச்சல் ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்றது. ஒரு மருந்தைச் சந்தைவரை கொண்டு சென்ற விஞ்ஞானிகளிடமும், ஏழைகளின் நோயை ஆராய்ந்து வரும் மருத்துவர்களிடமும் நேரடியாகப் பயிலும் வாய்ப்பு எல்லா மாணவர்களுக்கும் கிடைத்துவிடாது. ஆயினும், இரவல் ஆசிரியரால் வகுப்பெடுக்க முடியும். ஐந்தாறு ஆண்டுகள் நீளும் ஆய்வுக் குழுவொன்றைக் கட்டமைக்க முடியாது. சொந்த ஆசிரியர்கள் படிப்படியாக நியமிக்கப்பட்ட பிறகே இந்நிறுவனங்களுக்கு ஆராய்ச்சி முகம் வாய்த்தது.

ஊர்கள் தேர்வான விதத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். அப்போது இரசாயனம், உரத் துறை அமைச்சராக இருந்த ராம் விலாஸ் பாஸ்வானின் தொகுதி ஹாஜிபூர். சோனியா காந்தியின் தொகுதி ராய்பரேலி. மருந்து ஆலைகள் நிறைந்த ஹைதராபாத், ஆமதாபாத் நகரங்களுக்குத் தொழில் ரீதியான நியாயம் சொல்லலாம். மற்றவற்றுக்கு அரசியல் வரைபடத்தைத்தான் விரித்துப் பார்க்க வேண்டும். ராய்பரேலியின் பெயர் தாங்கிய நிறுவனம், லக்னௌவின் புறநகரில் உள்ள தற்காலிக வளாகத்தில் இயங்கியது. ஆமதாபாத் நைப்பரின் நிரந்தர வளாகம் காந்திநகரிலும், குவாஹாட்டியின் வளாகமும் திறக்கப்பட்டதே 2023-இல்தான். முதல் மாணவர் அணி பட்டம் பெற்று வெளியேறிப் பத்தாண்டுகளுக்கும் மேலாகிவிட்ட நிலை அது.

சட்டத்தின் இடைவெளி: இன்னொரு விநோதம் நாடாளுமன்றம் தொடர்பானது. 1998-ஆம் ஆண்டு சட்டம் மொஹாலி என்ற ஒரே நிறுவனத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. பின்னர் வந்த ஆறும் "தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்கள்" ஆகுமா என்ற தெளிவின்மை நீடித்தது. இதைச் சரிசெய்வதற்கான திருத்த மசோதா 2021 மார்ச் மாதம்தான் மக்களவையில் அறிமுகமானது. மசோதாவை ஆராய்ந்த இரசாயனம், உரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் தலைவர், தூத்துக்குடி உறுப்பினர் கனிமொழி. நிலைக்குழு ஆகஸ்டில் அறிக்கை அளித்தது. டிசம்பர் மாதம் இரு அவைகளிலும் மசோதா நிறைவேறியது.

ஏழு நைப்பர்களுக்கும் பொதுவான தேசியப் பேரவை ஒன்றை இச்சட்டம் உருவாக்கியது. துறை அமைச்சர் அதன் தலைவர். நாடாளுமன்ற உறுப்பினர்கள் மூவருக்கும் அதில் இடமுண்டு. ஒவ்வொரு நிறுவனத்தின் ஆளுநர் குழுவிலும் உறுப்பினர் எண்ணிக்கை 23-லிருந்து 12-ஆகக் குறைக்கப்பட்டது. கூட்டம் கூடவே ஆள் சேராத பெரிய குழுவைவிட முடிவெடுக்கும் சிறிய குழு மேல் என்பது ஏற்கத்தக்க வாதமே. அதேநேரம், பேரவையின் தலைமை அமைச்சரிடமே இருப்பதால், ஒரு நைப்பரின் தேவைகள் தில்லியின் சாஸ்திரி பவனுக்குச் சென்று திரும்பும் பழைய வழக்கம் மாறாது என்ற அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 2007-இல் தொடங்கிய நிறுவனங்களுக்குச் சட்டத் தெளிவு கிடைக்கவே 14 ஆண்டுகள் பிடித்தன என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

கரோனா தந்த பாடம்: சட்டம் இயற்றும் வேகத்துக்கும் மருந்துத் துறையின் தேவைக்கும் உள்ள தொலைவை 2020 அம்பலப்படுத்தியது. மூல மருந்துப் பொருள் இறக்குமதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குச் சீனாவை நம்பியிருந்த நிலையில், வூஹானில் ஆலைகள் மூடப்பட்டதும் இந்தியா திகைத்தது. பாராசிட்டமால் உள்ளிட்ட 26 மருந்துகள், மூலப் பொருள்களின் ஏற்றுமதிக்கு 2020 மார்ச் 3-ஆம் தேதி மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. "உலகின் மருந்தகம்" என்று பெருமை பேசும் நாடு, காய்ச்சல் மாத்திரையின் மூலப் பொருளுக்கு அண்டை நாட்டின் கையை எதிர்பார்த்து நின்றது.

அதே ஆண்டு, மூல மருந்துகளை உள்நாட்டில் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகை வழங்க ரூ.6,940 கோடியில் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆலைக்குப் பணம் தரலாம். ஆனால், சீனாவின் விலையோடு போட்டியிட வேண்டுமானால், குறைந்த படிகளில், குறைந்த கழிவோடு அதே பொருளைத் தயாரிக்கும் புதிய வழி தேவை. அந்த வழியைக் கண்டுபிடிக்க வேண்டியவர் ஆலை முதலாளி அல்லர். ஆய்வகத்தில் இருக்கும் வேதியியலாளர். அவரை உருவாக்க வேண்டியவர் நைப்பரின் விரிவுரையாளர்.

இதைத் தாமதமாகவேனும் அரசு உணர்ந்ததன் அடையாளம், 2023-இல் வந்த மருந்து, மருத்துவக் கருவி ஆராய்ச்சி ஊக்குவிப்புத் திட்டம். மொத்த ஒதுக்கீடான ரூ.5,000 கோடியில் ரூ.700 கோடி, ஏழு நைப்பர்களிலும் சிறப்பு மையங்கள் அமைப்பதற்கு என வரையறுக்கப்பட்டது. மொஹாலிக்கு நுண்ணுயிர்க்கொல்லி, வைரஸ் எதிர்ப்பு மருந்துகள். ஹைதராபாதுக்கு மூல மருந்துகள். கொல்கத்தாவுக்குத் தொடர் ஓட்ட உற்பத்தி முறை. குவாஹாட்டிக்கு மூலிகை சார்ந்த மருந்துகள். ஹாஜிபூருக்கு உயிரியல் சிகிச்சை மருந்துகள் எனப் பொறுப்புகள் பிரிக்கப்பட்டன. ஆமதாபாதுக்கு மருத்துவக் கருவிகளும், ராய்பரேலிக்கு மருந்தை உடலுக்குள் கொண்டு சேர்க்கும் நவீன முறைகளும்.

ஒரே வேலையை ஏழு இடங்களில் செய்யாமல் பிரித்துக் கொடுத்தது அறிவார்ந்த அணுகுமுறை. ஆயினும் ஐந்தாண்டுத் திட்டத்தில் ரூ.700 கோடி என்பது, ஒரு நிறுவனத்துக்குச் சராசரியாக ஆண்டுக்கு ரூ.20 கோடி. உயர்தரக் கருவி ஒன்றின் விலையே கோடிகளில் இருக்கும் துறை இது. கருவி வந்தாலும் அதை இயக்கும் தொழில்நுட்பப் பணியாளர், பழுது பார்க்கும் ஒப்பந்தம், வேதிப்பொருள் கொள்முதல் ஆகியவற்றுக்கும் நிதி வேண்டும். இவற்றில் ஏதேனும் ஒன்று தடைப்பட்டால் நிற்பது ஆராய்ச்சி மாணவரின் முனைவர் பட்டம். அவருடைய உதவித்தொகைக் காலமோ நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். ஆராய்ச்சிக்கென இந்தியா ஒட்டுமொத்தமாகச் செலவிடுவது உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 0.64 சதவீதமே என்று 2020-21-ஆம் ஆண்டுக்கான அரசுப் புள்ளிவிவரம் கூறுகிறது. வேதிப்பொருள் தீர்ந்துபோன ஆய்வக அலமாரியில்தான் அந்தச் சதவீதத்தின் பொருள் விளங்கும்.

பட்டியலில் இல்லாத மதுரை: தமிழக வாசகர்களுக்கு இந்த வரலாற்றில் ஒரு மனக்குறை உண்டு. மு.க.அழகிரி 2009 முதல் 2013 வரை இரசாயனம், உரத் துறை அமைச்சராக இருந்த காலத்தில் மதுரைக்கு நைப்பர் வரும் என்ற அறிவிப்பு வந்தது. மாநில அரசு நிலமும் ஒதுக்கியது. அதன்பின் அமைச்சர் மாறினார், ஆட்சி மாறியது, நிறுவனம் வரவில்லை. 2015-16-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் மகாராஷ்டிரம், ராஜஸ்தான், சத்தீஸ்கர் மாநிலங்களுக்குப் புதிய நைப்பர்கள் அறிவிக்கப்பட்டன. 2021-ஆம் ஆண்டு திருத்தச் சட்டத்தின் பட்டியலில் அம்மூன்றும் இல்லை, மதுரையும் இல்லை. மதுரை உறுப்பினர் சு.வெங்கடேசன் உள்ளிட்ட தமிழகத்தினர் இக்கோரிக்கையை எழுப்பி வந்துள்ளனர்.

2026 பிப்ரவரி 1-ஆம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில், உயிரி மருந்துத் துறைக்காக ஐந்தாண்டுகளில் ரூ.10,000 கோடி செலவிடும் "பயோஃபார்மா சக்தி" திட்டம் அறிவிக்கப்பட்டது. புதிதாக மூன்று நைப்பர்கள் அமைக்கப்படும், இருக்கும் ஏழும் மேம்படுத்தப்படும் என்பது அதன் ஒரு பகுதி. மூன்று ஊர்கள் எவை என்பதற்கான மோதல் மாநிலங்களுக்கிடையே எழுவது இயல்பு. தமிழகம் மதுரைக்காகக் குரல் கொடுப்பதும் நியாயமே. அந்தக் கோரிக்கை மனுவில் நிலத்தின் பரப்பளவோடு மற்றொரு வரியும் இடம்பெற வேண்டும்: முதல் மாணவர் சேர்க்கைக்கு முன்பாக எத்தனை நிரந்தர ஆசிரியர்கள் நியமிக்கப்படுவார்கள் என்று.