அணிகலனும் இனவுறவும்: இலங்கைப் பொற்கொல்லர் மரபு பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் கலை வரலாற்றை எழுதியோருட் பலர் அணிகலன்களை அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தே நோக்கியுள்ளனர். கண்டிக் காலப் பதக்கம் எனவும் யாழ்ப்பாணத்து அட்டியல் எனவும் பெயரிடப்பட்டு, முன்னது சிங்களக் கலையாகவும் பின்னது தமிழ்க் கலையாகவும் வகுக்கப்படுகின்றன. இரண்டிற்குமிடையே ஒற்றுமை தென்படுமிடத்துத் 'தென்னிந்தியச் செல்வாக்கு' என்ற தொடரே போதிய விளக்கமாகக் கொள்ளப்படுகின்றது. ஆயின் எச்செல்வாக்கும் மனிதக் கைகளின் வழியாகவே வந்து சேரும். குமுட்டிக்கும் உரைகல்லுக்கும் நடுவே இயங்கிய அக்கைகள் யாருடையவை என்பதே இங்கு நாம் எழுப்ப விரும்பும் வினாவாகும்.

சொற்களிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். சிங்கள மொழியில் காதணி 'தோடு' என்றே வழங்குகின்றது. பதக்கம் 'பதக்கம' எனவும் மூக்குத்தி 'முக்குத்திய' எனவும் வழங்கும். கைவினைஞரை ஆசாரி என அழைக்கும் வழக்கும் இரு மொழிகளுக்கும் பொதுவானதே. கண்டியின் எண்கோண மண்டபத்தை அமைத்தவராகக் கூறப்படும் தேவேந்திரர் 'மூலாசாரி' என்ற பட்டத்தாலேயே அறியப்படுகின்றார். இவற்றைத் தமிழின் கொடைப் பட்டியலாக வாசித்து மகிழ்வது எளிது. ஆனால் செவியில் ஒட்டி அணியும் சிறு காதணியைச் சிங்களவர் 'கராபு' என்பர். மலாய் மொழியில் அத்தகைய காதணிக்குக் 'கெராபு' என்பது பெயர். சொற்கள் ஒரு திசையில் மட்டும் பயணஞ் செய்வதில்லை.

இவற்றினும் முக்கியமானது எடை. தமிழ்ப் பொற்கொல்லர் பொன்னை நிறுக்கப் பயன்படுத்திய சிவந்த மஞ்சாடி வித்தே சிங்களவரிடையே 'மதட்டிய' எனப்படுவது. தமிழரின் கழஞ்சுக்கு இணையாக அவர்களிடம் 'களந்த' என்ற அளவும் இருந்தது. அழகுணர்ச்சியில் இரு சமூகங்களும் எவ்வளவு வேறுபட்டிருப்பினும், பொன்னை ஒரே வித்தினால் நிறுத்தன. கொடுக்கல் வாங்கலுக்கு வடிவ ஒற்றுமையைவிட நிறையொற்றுமையே முதற்றேவை என்பதைக் கலை வரலாற்றாசிரியர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

கண்டி மணப்பெண்ணின் நுதலில் அணியப்படும் 'நலல்பட்ட'வும் தலையின் இருமருங்கும் அணியப்படும் 'இர ஹந்த' என்னும் சூரிய சந்திர வடிவங்களும் தமிழ் மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டியையும் சூரியபிறை, சந்திரபிறையையும் உடனே நினைவூட்டும். மதுரையிலிருந்து அரச மகளிரை மணம்புரிந்து அழைத்துவந்த வழக்கமும், 1739 முதல் 1815 வரை கண்டியில் நிலவிய நாயக்கர் ஆட்சியும் இத்தகைய வடிவங்கள் அரசவையில் நிலைபெற உதவியிருத்தல் கூடும். எனினும் கண்டிக் கம்மியன் கண்டதை அப்படியே பிரதி செய்தவனல்லன். 'லியவெல' என்னும் கொடிக்கோலத்தைப் பதக்கத்தின் விளிம்புவரை படரவிட்ட பாங்கு அவனுடையதேயாகும்.

இக்கைவினைஞரை ஆய்வுலகின் முன் நிறுத்தியவர் ஆனந்த குமாரசுவாமி. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த அவர், 1908 இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலில் கண்டி அரசரின் 'பட்டல் ஹத்தர' என்ற நான்கு பணிமனைகளைப் பற்றியும், சேவைக்கு ஈடாக வினைஞர் பெற்ற நிலங்களைப் பற்றியும் விரிவாக எழுதினார். அந்நூலுக்கு நாம் பட்டுள்ள கடன் பெரிது. ஆயினும் அவர் அம்முறையில் கண்ட இசைவை அப்படியே ஏற்றுக்கொள்ள எம்மால் இயலவில்லை. 1681 இல் நூல் வெளியிட்ட றொபேட் நொக்ஸ், பொற்கொல்லரையும் கருமாரையும் தச்சரையும் ஓவியரையும் ஒரே படிநிலையில், நிலவுடைமை உயர்குலத்தாருக்குக் கீழே வைத்துள்ளார். தமிழ்ப் பகுதிகளிலும் கம்மாளரின் நிலை இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. சிங்கள நவந்தன்னரும் தமிழ்க் கம்மாளரும் விசுவகர்மாவையே தம் மூலமாகக் கூறிக்கொண்டமை, கீழ்நிறுத்தப்பட்ட இரு சாராரும் தம் தொழிலின் மேன்மையை ஒரே மொழியில் வலியுறுத்தியதையே காட்டுகின்றது. இராசகாரிய முறை 1832 இல் ஒழிக்கப்பட்டமை வினைஞரைக் கட்டாய சேவையிலிருந்து விடுவித்தது. 1815 இல் அரசவையின் ஆதரவையும் இழந்திருந்த அவர்கள் சந்தையையே நம்ப வேண்டியவராயினர்.

அச்சந்தையிலேதான் சமூகங்களின் கூட்டுறவு மிகத் தெளிவாகப் புலப்படுகின்றது. நீலக்கல் பதித்த ஒரு கணையாழியை எடுத்துக்கொள்வோம். இரத்தினபுரிப் பகுதியில் வயலின் நடுவே வெட்டப்பட்ட குழிக்குள் இறங்கி, 'இல்லம்' எனப்படும் சரளை மண்ணை எடுத்துக் கூடையில் அரித்துக் கல்லைக் காண்பவர் பெரும்பாலும் சிங்களக் கிராமத்துத் தொழிலாளி. அதனைப் பட்டை தீட்டி விலைபேசுவது பேருவளை போன்ற இடங்களின் முஸ்லிம்கள் தலைமுறைகளாகப் பேணிவந்த தொழில். கல்லைப் பதிப்பதற்கு மூசையில் பொன்னை உருக்கி, வெங்காரமிட்டு ஊதுகுழலால் பற்றவைப்பவர், கொழும்புச் செட்டியார் தெருப் பட்டறைகளில், பெரும்பாலும் தமிழ்ப் பத்தர். வாங்குபவர் எவ்வினத்தவராகவும் இருக்கலாம். இதனை நல்லிணக்கத்தின் சித்திரமாக மட்டும் தீட்டுதல் தகாது. நிலவுடைமையாளர், உரிமப்பத்திரம் வைத்திருப்போர், நீரிறைக்கும் இயந்திரத்துக்கு உரியவர் ஆகியோர் பங்கெடுத்த பின் எஞ்சுவதையே குழிக்குள் இறங்கியோர் தமக்குள் பகிர்ந்துகொள்வர். பத்தருக்குக் கிடைப்பதும் செய்கூலியே. இனம் கடந்த உறவு சுரண்டலையும் கடந்துவிட்டதெனக் கொள்ளமுடியாது.

அணிகலன் அரசியல் வாதத்துக்கும் பயன்பட்டதுண்டு. தாலி கட்டும் வழக்கம் இலங்கை முஸ்லிம்களிடையேயும் நிலவிவந்தது. மொழியையும் சமூக வழக்கங்களையும் சான்றாகக் காட்டி முஸ்லிம்கள் இனத்தால் தமிழரே எனப் பொன்னம்பலம் இராமநாதன் 1888 இல் வாதிட்டார். ஐ. எல். எம். அப்துல் அசீஸ் 1907 இல் அதனை மறுத்தெழுதினார். ஒரே பத்தரிடம் தாலி செய்வித்தவர் ஒரே இனத்தவராதல் வேண்டுமென்பதில்லை. பகிர்வை ஒருமையாகத் திரிக்கும்போது பகிர்ந்தவருள் ஒருவரது தனித்துவம் மறுக்கப்படுகின்றது.

1983 யூலையில் கொழும்பில் தமிழரின் வணிக நிலையங்கள் கொள்ளையிடப்பட்டு எரிக்கப்பட்டபோது நகைக்கடைகளும் தப்பவில்லை. 1990 ஒற்றோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, அம்மக்களிடமிருந்த நகைகளும் பறித்தெடுக்கப்பட்டன. முதலாவதைப் பேசுவோர் இரண்டாவதையும் பேசக் கடமைப்பட்டவர்கள். இரண்டிலும் அழிந்தவை சொத்துக்கள் மட்டுமல்ல; நாட்பட்ட வாடிக்கையும், எழுத்தில்லாமலே நம்பிப் பொன்னை ஒப்படைக்கும் பழக்கமும் அறுந்தன.

வார்ப்பு இயந்திரங்களும் வெளிநாட்டு ஆயத்த நகைகளும் பட்டறைகளை இன்று சுருக்கிவருகின்றன. மஞ்சாடிக்குப் பதிலாக மின்தராசு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்துத் தட்டாதெருவின் பெயரில் இத்தொழிலின் நினைவு எஞ்சியுள்ளது. வாடிக்கையாளர் முன்னிலையிலேயே பொன்னின் மாற்றையும் விலையையும் தமக்குள் பேசிக்கொள்ளப் பத்தர்கள் கையாண்ட குழூஉக்குறிகள் முதியவர் சிலரது நினைவிலேனும் இருத்தல் கூடும். எமது சங்க மாணவர்கள் விடுமுறைக் காலத்தில் அவர்களை அணுகிக் கருவிப் பெயர்களையும் அக்குறிகளையும் திரட்டுவதோடு, கண்டிப் பகுதிப் பட்டறைகளில் வழங்கும் சிங்களப் பெயர்களையும் அருகருகே குறித்து வருவார்களாயின், அடுத்த இதழொன்றில் அவற்றை ஒப்புநோக்கி எழுத எண்ணியுள்ளோம்.